ஐக்கிய அமெரிக்க வட்டார வானூர்தி நிலையங்களுக்கான நெருக்கடிக்கால உதவி

வட்டார வானூர்தி நிலையங்களுக்கான நெருக்கடிக்கால உதவி என்பது, வான்பயணம் திடீரெனக் குறையும் காலங்களில் சிறு நகரங்களின் விமான நிலையங்கள் செயலிழந்து போகாமல் இருப்பதற்காக அரசு வழங்கும் நிதி, கட்டணத் தள்ளுபடி, விதித் தளர்வு ஆகியவற்றைக் குறிக்கும். கோவிட்-19 பெருந்தொற்றின்போது ஐக்கிய அமெரிக்கா 2020, 2021 ஆம் ஆண்டுகளில் மூன்று சட்டங்களின் மூலம் தன் வானூர்தி நிலையங்களுக்கு மொத்தம் 2,000 கோடி டாலர் ஒதுக்கியது. இத்தொகை பெரியவை, சிறியவை என எல்லா நிலையங்களுக்கும் பொதுவானது. எனினும் பயணிகள் குறைந்தால் தாக்குப்பிடிக்கும் வலு குறைந்த சிறு நிலையங்களுக்கே அது கூடுதல் முக்கியத்துவம் உடையதாக இருந்தது.

இவ்வுதவியின் விளைவு இருவகைப்பட்டது. ஓடுபாதைகளும் முனையங்களும் தொடர்ந்து இயங்கின. ஆனால் அடுத்த இரண்டு ஆண்டுகளில் சில சிறு நகரங்கள் தங்கள் வானூர்திச் சேவையை இழந்தன. வானூர்தி நிலையத்தைக் காப்பதும் அங்கு வரும் வானூர்தியைக் காப்பதும் வெவ்வேறு பணிகள் என்பதை இந்நிகழ்வு காட்டியது.

வகைப்பாடு

ஐக்கிய அமெரிக்காவில் பயணிகள் சேவை உள்ள நிலையங்களுள் பெரும்பாலானவை நகராட்சி, மாவட்டம் அல்லது தனி ஆணையம் போன்ற உள்ளூர்ப் பொது அமைப்புகளுக்கு உரியவை. நாட்டில் ஓர் ஆண்டில் வானூர்தியில் ஏறும் மொத்தப் பயணிகளுள் ஒரு நிலையத்தின் பங்கு எவ்வளவு என்பதைக் கொண்டு அவை வகைப்படுத்தப்படுகின்றன.

- பெரிய மையம்: 1 விழுக்காடு அல்லது அதற்கு மேல்
- நடுத்தர மையம்: 0.25 முதல் 1 விழுக்காடு வரை
- சிறு மையம்: 0.05 முதல் 0.25 விழுக்காடு வரை
- மையமல்லாத முதன்மை நிலையம்: 0.05 விழுக்காட்டுக்குக் குறைவு, ஆனால் ஆண்டுக்கு 10,000 பேருக்கு மேல்
- முதன்மையல்லாத வணிகச் சேவை நிலையம்: ஆண்டுக்கு 2,500 முதல் 10,000 பேர் வரை

வட்டார வானூர்தி நிலையம் என்பது சட்டத்தில் வரையறுக்கப்பட்ட ஒரு தனி வகையன்று. பொதுவாக, மேற்கூறிய பட்டியலின் கடைசி மூன்று வகைகளே அவ்வாறு அழைக்கப்படுகின்றன.

வருவாயும் செலவும்

ஒரு வானூர்தி நிலையத்தின் வருவாய் பெரும்பாலும் போக்குவரத்தின் அளவைப் பொறுத்தது. தரையிறங்கு கட்டணம், முனைய வாடகை, வாகன நிறுத்தக் கட்டணம், வாடகைக் கார் நிறுவனங்கள் செலுத்தும் பங்கு, உணவகங்கள் மற்றும் கடைகளின் வாடகை ஆகியன முக்கிய வருவாய்கள். பயணிகள் வராதபோது இவை ஏறக்குறைய ஒரே நேரத்தில் குறைகின்றன.

செலவு அவ்வாறு குறைவதில்லை. ஒரு நாளைக்கு இரண்டு வானூர்திகள் வந்தாலும் இருபது வந்தாலும் ஓடுபாதையைப் பழுதுபார்க்க வேண்டும். விளக்குகள் எரிய வேண்டும். குளிர்காலத்தில் பனியை அகற்ற வேண்டும். பயணிகள் வானூர்திகளை ஏற்கும் நிலையங்கள் கூட்டரசு வான்பயண நிருவாகத்தின் சான்றிதழைப் பெற்றிருக்க வேண்டும். அச்சான்றிதழின்படி, வரும் வானூர்திகளின் நீளத்துக்கு ஏற்ற தீயணைப்பு ஊர்திகளும் பயிற்சி பெற்ற பணியாளரும் ஆயத்தமாக இருத்தல் கட்டாயம். வானூர்தியில் பத்துப் பேரே இருந்தாலும் இவ்விதி மாறாது.

பெரிய நிலையங்கள் சேமிப்பைப் பயன்படுத்தியோ கடன்பத்திரங்களை வெளியிட்டோ சில மாதங்களைச் சமாளிக்கக்கூடும். சிறு நிலையத்தின் பற்றாக்குறை பெரும்பாலும் உள்ளூராட்சியின் வரவுசெலவுத் திட்டத்தில்தான் விழுகிறது. பொருளாதார நெருக்கடியின்போது அதே உள்ளூராட்சியின் வரி வருவாயும் குறைந்திருக்கும் என்பதால் சுமை இரட்டிப்பாகிறது.

வழக்கமான நிதி ஏற்பாடுகள்

பெருந்தொற்றுக்கு முன்பே சிறு நிலையங்களுக்கு உதவும் திட்டங்கள் இருந்தன. அவற்றுள் முக்கியமானவை வருமாறு.

வானூர்தி நிலைய மேம்பாட்டுத் திட்டம்: 1982 ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏற்படுத்தப்பட்டது. பயணச்சீட்டு வரி, எரிபொருள் வரி ஆகியவை சேரும் ஓர் அறக்கட்டளை நிதியிலிருந்து இதற்குப் பணம் வருகிறது. இந்நிதி 1970 இல் தொடங்கப்பட்டது. ஓடுபாதை, பாதுகாப்புக் கருவிகள் போன்ற மூலதனப் பணிகளுக்கே இத்திட்டம் பயன்படும். சம்பளம், மின்கட்டணம் போன்ற அன்றாடச் செலவுகளுக்குப் பொதுவாகப் பயன்படாது.

பயணிகள் வசதிக் கட்டணம்: 1990 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஒவ்வொரு பயணியிடமும் வாங்கப்படுகிறது. இதுவும் மூலதனப் பணிகளுக்கும் அவற்றுக்கான கடனுக்கும் உரியது.

இன்றியமையா வான்சேவைத் திட்டம்: வானூர்தி நிறுவனங்கள் தாம் விரும்பிய தடங்களில் பறக்கவும் விரும்பாத தடங்களைக் கைவிடவும் 1978 ஆம் ஆண்டுக் கட்டுப்பாட்டு நீக்கச் சட்டம் அனுமதித்தது. அதனால் சிறு நகரங்கள் சேவையை இழக்காமல் இருக்க இத்திட்டம் அதே சட்டத்தில் சேர்க்கப்பட்டது. முதலில் 10 ஆண்டுகளுக்கு மட்டும் எனத் திட்டமிடப்பட்டு, பின்னர் நிலையானதாக ஆக்கப்பட்டது. இதன் மானியம் வானூர்தி நிலையத்துக்கு அன்றி வானூர்தி நிறுவனத்துக்கே செல்கிறது.

ஆகவே 2020 க்கு முன்பு ஓடுபாதை கட்டப் பணம் இருந்தது. தகுதி பெற்ற சில தடங்களில் வானூர்தியைப் பறக்கவைக்கவும் பணம் இருந்தது. இவ்விரண்டுக்கும் இடையில், நிலையத்தை நாள்தோறும் திறந்து வைக்கும் செலவுக்குக் கூட்டரசிடம் வழக்கமான திட்டம் எதுவும் இல்லை. நிலையங்கள் இயன்றவரை தம் வருவாயிலேயே இயங்க வேண்டும் என்பது கூட்டரசு மானியம் பெறுவதற்கான நிபந்தனைகளுள் ஒன்றாகும்.

2020 ஆம் ஆண்டின் வீழ்ச்சி

ஏப்ரல் 14, 2020 அன்று ஐக்கிய அமெரிக்காவின் எல்லா வானூர்தி நிலையப் பாதுகாப்புச் சோதனைச் சாவடிகளையும் சேர்த்து 87,534 பேர் மட்டுமே கடந்தனர். முந்தைய ஆண்டின் இதே கிழமையில் இவ்வெண்ணிக்கை 22 இலட்சத்துக்கு மேல் இருந்தது. அதாவது, ஒரு நாளின் பயணிகளுள் 100 க்கு 96 பேர் இல்லாமற் போயினர்.

மூன்று சட்டங்கள்

கேர்ஸ் சட்டம் (மார்ச் 27, 2020)

இச்சட்டம் வானூர்தி நிலையங்களுக்கு 1,000 கோடி டாலர் ஒதுக்கியது. இதில் குறைந்தது 740 கோடி டாலர் வணிகச் சேவை நிலையங்களுக்கும், குறைந்தது 10 கோடி டாலர் அட்டவணைச் சேவை இல்லாத பொது வான்பயண நிலையங்களுக்கும் உரியதாக இருந்தது. மேம்பாட்டுத் திட்டப் பணிகளில் உள்ளூர் அமைப்பு செலுத்த வேண்டிய பங்கையும் கூட்டரசே ஏற்பதற்காகக் குறைந்தது 50 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது.

வானூர்தி நிலைய வருவாயைச் சட்டப்படி எதற்கெல்லாம் செலவிடலாமோ அதற்கெல்லாம் இப்பணத்தையும் செலவிடலாம் என்பதே இச்சட்டத்தின் முக்கிய மாற்றம் ஆகும். சம்பளம், மின்கட்டணம், கடன் தவணை ஆகிய மூன்றும் இதில் அடங்கின. பணியாளருள் 90 விழுக்காட்டினரை டிசம்பர் 31, 2020 வரை வேலையில் வைத்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. மையமல்லாத நிலையங்களுக்கும் முதன்மையல்லாத நிலையங்களுக்கும் இந்நிபந்தனையிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது.

டிசம்பர் 2020 சட்டம் (டிசம்பர் 27, 2020)

இது மேலும் 200 கோடி டாலர் வழங்கியது. இதில் சுமார் 175 கோடி டாலர் முதன்மை நிலையங்களுக்கும், 20 கோடி டாலர் நிலையங்களில் உள்ள கடைகளின் வாடகைத் தள்ளுபடிக்கும், 4.5 கோடி டாலர் சிறிய மற்றும் பொது வான்பயண நிலையங்களுக்கும், 50 இலட்சம் டாலர் சிறு நகரங்கள் புதிய வான்சேவையை ஈர்க்கும் திட்டத்துக்கும் சென்றன.

அமெரிக்க மீட்புத் திட்டச் சட்டம் (மார்ச் 11, 2021)

இது 800 கோடி டாலர் வழங்கியது. முதன்மை நிலையங்களுக்குச் சுமார் 649 கோடி, கடை வாடகைத் தள்ளுபடிக்கு 80 கோடி, மேம்பாட்டுப் பணிகளில் உள்ளூர்ப் பங்கை ஏற்பதற்குச் சுமார் 61 கோடி, சிறிய மற்றும் பொது வான்பயண நிலையங்களுக்கு 10 கோடி எனப் பிரிக்கப்பட்டது.

பங்கீட்டு வாய்பாடும் அதன் குறையும்

கேர்ஸ் சட்டத்தின் 740 கோடி டாலரும் ஒரு வாய்பாட்டின்படி பகிரப்பட்டது. பாதித் தொகை 2018 ஆம் ஆண்டில் ஏறிய பயணிகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. கால் பங்கு, நிலையம் ஓர் ஆண்டில் செலுத்தும் கடன் தவணையைப் பொறுத்தது. எஞ்சிய கால் பங்கு, நிலையத்தின் கட்டுப்பாடற்ற சேமிப்புக்கும் கடன் தவணைக்கும் இடையிலான விகிதத்தைப் பொறுத்தது.

மூன்றாவது பகுதியே சிக்கலை ஏற்படுத்தியது. விகிதம் என்பது அளவைக் கணக்கில் கொள்வதில்லை. கற்பனை எண்களைக் கொண்டு இதை விளக்கலாம். "அ" என்னும் சிறு நிலையத்தின் சேமிப்பு 20 இலட்சம் டாலர், ஆண்டுக் கடன் தவணை 20,000 டாலர் எனக் கொள்வோம். அதன் விகிதம் 100. "ஆ" என்னும் பெரிய நிலையத்தின் சேமிப்பு 20 கோடி டாலர், கடன் தவணை 10 கோடி டாலர். அதன் விகிதம் 2. எனவே இப்பகுதியில் "அ" நிலையத்துக்கு "ஆ" நிலையத்தைப் போல 50 மடங்குப் பணம் கிடைக்கும். கடன் எவ்வளவு குறைவோ, அந்த அளவுக்கு விகிதம் ஏறிக்கொண்டே செல்லும்.

இதன் விளைவாக, கடன் மிகக் குறைவாக இருந்த சில மிகச் சிறிய நிலையங்களுக்குப் பல ஆண்டுகளின் இயக்கச் செலவுக்குப் போதுமான தொகை ஒதுக்கப்பட்டது. நிதி நான்கு ஆண்டுகளுக்குள் செலவிடப்பட வேண்டும் என்ற வரம்பு இருந்ததால், இத்தகைய நிலையங்களால் முழுத் தொகையையும் அன்றாடச் செலவுக்குப் பயன்படுத்த இயலாது. சேமிப்பை ஏற்கனவே கரைத்திருந்த நிலையங்களுக்கு, தேவை கூடுதலாக இருந்தும், இப்பகுதியில் குறைவாகவே கிடைத்தது.

வாய்பாட்டை ஆதரிப்போர் விரைவை முன்வைத்தனர். ஒவ்வொரு நிலையத்தின் இழப்பையும் ஆய்ந்து பணம் வழங்க வேண்டுமானால் பல மாதங்கள் ஆகும். ஏற்கனவே அரசிடம் உள்ள தரவுகளைக் கொண்ட வாய்பாட்டினால் சில வாரங்களிலேயே ஒதுக்கீட்டை அறிவிக்க முடிந்தது.

டிசம்பர் 2020 சட்டத்தில் இக்குறை திருத்தப்பட்டது. கேர்ஸ் சட்டத்தின் கீழ் நான்கு ஆண்டு இயக்கச் செலவுக்கு மேல் ஒதுக்கீடு பெற்ற நிலையங்கள் புதிய பங்கீட்டிலிருந்து விலக்கப்பட்டன. சேமிப்பு விகிதமும் கைவிடப்பட்டது.

10,000 பயணிகள் எல்லை

நேரடி நிதியைத் தவிர, விதித் தளர்வு ஒன்றும் சிறு நிலையங்களுக்கு உதவியது. அக்கால விதிகளின்படி, ஆண்டில் 10,000 பேருக்கு மேல் ஏறும் நிலையத்துக்கு மேம்பாட்டுத் திட்டத்திலிருந்து, அத்திட்டத்துக்கு முழு ஒதுக்கீடு கிடைக்கும் ஆண்டுகளில், குறைந்தது 10 இலட்சம் டாலர் கிடைக்கும். அவ்வெல்லைக்குக் கீழே சென்றால் இத்தொகை 1,50,000 டாலராகச் சுருங்கும். சாதாரண ஆண்டில் 15,000 பேரைக் கையாளும் நிலையம், 2020 இன் வீழ்ச்சியால் 6,000 பேருக்கு இறங்கினால், பயணிகளை இழந்ததோடு ஓடுபாதை நிதியையும் இழக்க நேரிடும். எனவே பெருந்தொற்றுக்கு முந்தைய ஆண்டுகளின் எண்ணிக்கையையே கணக்கில் கொள்ளலாம் என்று காங்கிரசு அனுமதித்தது. புதிதாகப் பெருந்தொகை எதையும் கோராமல், ஒரு தற்காலிக வீழ்ச்சி நிலையான இழப்பாக மாறுவதை இது தடுத்தது.

வானூர்தி நிறுவனங்களுக்கான நிபந்தனை

கேர்ஸ் சட்டம் பயணிகள் வானூர்தி நிறுவனங்களுக்கு ஊதிய உதவியாக 2,500 கோடி டாலர் வரை ஒதுக்கியது. இதைப் பெறும் நிறுவனங்கள் மார்ச் 1, 2020 க்கு முன் தாம் சென்றுவந்த நகரங்களுக்கு ஒரு குறைந்தபட்சச் சேவையைத் தொடர வேண்டும் என்று போக்குவரத்துத் துறை ஆணையிட்டது. வேண்டிக் கேட்ட நிறுவனங்களுக்குச் சில இடங்களில் விலக்கும் தரப்பட்டது.

இக்கட்டாயம் செப்டம்பர் 30, 2020 உடன் முடிவதாக இருந்தது. அம்முடிவை முன்னிட்டு, அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனம் அக்டோபர் 7 முதல் 15 நகரங்களுக்கான சேவையை நிறுத்தப்போவதாக ஆகஸ்ட் 2020 இல் அறிவித்தது. பென்சில்வேனியாவின் வில்லியம்ஸ்போர்ட், அயோவாவின் டுபியூக், கனெடிகட்டின் நியூ ஹேவன் ஆகியன அப்பட்டியலில் இருந்தன. டிசம்பர் 2020 சட்டம் ஊதிய உதவியை மீண்டும் வழங்கியபோது சேவைக் கட்டாயமும் திரும்பியது.

இன்றியமையா வான்சேவைத் திட்டத்துக்கும் கேர்ஸ் சட்டம் 5.6 கோடி டாலர் வழங்கியது. இத்திட்டத்தின் நிதியில் ஒரு பகுதி, நாட்டில் தரையிறங்காமல் அதன் வான்வெளியைக் கடந்து செல்லும் வானூர்திகள் செலுத்தும் கட்டணத்திலிருந்து வருகிறது. உலகளவில் பறப்புகள் குறைந்ததால் அவ்வருவாயும் குறைந்திருந்தது.

உதவிக்குப் பிந்தைய நிலை

மேற்கூறிய மூன்று நகரங்களின் வானூர்தி நிலையங்களும் உதவிக்குத் தகுதியுடைய வகையைச் சேர்ந்தவை. ஆனால் அவற்றின் போக்கு மூன்று விதமாக அமைந்தது.

வில்லியம்ஸ்போர்ட்: செப்டம்பர் 30, 2021 அன்று அமெரிக்கன் ஏர்லைன்ஸ் வெளியேறியது. வானூர்தி நிறுவனங்களின் ஊதிய உதவியோடு இணைந்த பணிநீக்கத் தடை முடிவுற்றதும் அதே நாளில்தான். அங்கு வேறு நிறுவனம் இல்லாததால் நகரம் அட்டவணைச் சேவையை முற்றாக இழந்தது.

டுபியூக்: இங்கும் நாள்தோறும் சேவை வழங்கிய ஒரே நிறுவனம் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் ஆகும். வட்டார விமானிகளின் பற்றாக்குறையைக் காரணம் காட்டி அது செப்டம்பர் 2022 இல் சேவையை நிறுத்தியது.

நியூ ஹேவன்: அமெரிக்கன் ஏர்லைன்ஸ் இங்கிருந்தும் விலகியது. ஆனால் அவெலோ என்னும் புதிய குறைந்த கட்டண நிறுவனம் நவம்பர் 3, 2021 அன்று இந்நிலையத்தைத் தளமாகக் கொண்டு சேவையைத் தொடங்கியது. நியூயார்க்குக்கும் பாஸ்டனுக்கும் இடைப்பட்ட மக்கள் அடர்ந்த பகுதியில் அமைந்திருப்பது இந்நகரத்துக்குச் சாதகமாக இருந்தது.

விமானிகள் பற்றாக்குறைக்கும் நெருக்கடிக்கும் தொடர்பு உண்டு. 2020 இல் பெரிய நிறுவனங்கள் செலவைக் குறைக்க மூத்த விமானிகளுக்கு முன்கூட்டிய ஓய்வை அளித்தன. பயணிகள் திரும்பியபோது அவை வட்டார நிறுவனங்களிலிருந்து விமானிகளை எடுத்துக்கொண்டன. துணை விமானியாகச் சேரவும் பொதுவாக 1,500 மணிநேரப் பறப்பு அனுபவம் வேண்டும் என்ற 2013 ஆம் ஆண்டு விதியால், வட்டார நிறுவனங்கள் அவ்விடங்களை விரைவில் நிரப்ப இயலவில்லை. மார்ச் 2022 இல் ஸ்கைவெஸ்ட் நிறுவனம் இன்றியமையா வான்சேவைத் திட்டத்தின் கீழ் இருந்த 29 நகரங்களிலிருந்து விலக அறிவிப்புக் கொடுத்தது. மாற்று நிறுவனம் கிடைக்கும் வரை சேவையைத் தொடருமாறு போக்குவரத்துத் துறை ஆணையிட்டதால் இந்நகரங்களில் சேவை உடனே நிற்கவில்லை. இத்திட்டத்தில் இல்லாத டுபியூக் போன்ற நகரங்களுக்கு இத்தகைய பாதுகாப்பு இருக்கவில்லை.

நெருக்கடியின் தொடக்கத்திலேயே அலாஸ்காவில் இதன் கடுமையான வடிவம் காணப்பட்டது. அம்மாநிலத்தின் 100 க்கும் மேற்பட்ட ஊர்களுக்குச் சேவை வழங்கிய ரேவ்ன்ஏர் குழுமம் ஏப்ரல் 5, 2020 அன்று திவாலாகிப் பறப்புகளை நிறுத்தியது. அவ்வூர்களுள் பலவற்றுக்குச் சாலைத் தொடர்பு இல்லை. மருத்துவத்துக்குச் செல்வோரும் அஞ்சலும் உணவுப் பொருளும் வானூர்தியையே நம்பியிருந்தன. ஓடுபாதைகள் அனைத்தும் இருந்தன, வானூர்திதான் இல்லை. வேறு நிறுவனங்கள் படிப்படியாக இவ்விடைவெளியை நிரப்ப வேண்டியதாயிற்று.

பிற நாடுகளில்

கனடாவில் பெரிய நிலையங்களை இலாப நோக்கற்ற உள்ளூர் ஆணையங்கள் நடத்துகின்றன. அவை நிலத்துக்காகக் கூட்டரசுக்கு வாடகை செலுத்துகின்றன. மார்ச் முதல் டிசம்பர் 2020 வரையான வாடகையை அரசு தள்ளுபடி செய்தது. வாடகை செலுத்தாத சிறு நிலையங்களுக்கு இதனால் பயனில்லை. 2021 இல் 20.6 கோடி கனேடிய டாலரில் வட்டார வான்போக்குவரத்துக்கெனத் தனித் திட்டம் அறிவிக்கப்பட்டது.

ஆத்திரேலியா மார்ச் 2020 இல், வட்டார நகரங்களுக்குக் குறைந்தபட்சச் சேவையைத் தொடரும் வானூர்தி நிறுவனங்களுக்கு நேரடி மானியம் வழங்கியது. அதாவது, நிலையத்தை விடத் தடத்துக்கே முதலிடம் தரப்பட்டது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் அரசு உதவிக்கு வரம்புகள் உள்ளன. 2014 ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகளின்படி, ஆண்டுக்கு 30 இலட்சம் பயணிகளுக்கு மேல் கையாளும் நிலையங்கள் இயக்கச் செலவுக்கு உதவி பெற இயலாது. 7 இலட்சத்துக்கும் குறைந்த நிலையங்கள் தம் செலவைத் தாமே ஈடுசெய்வது கடினம் என அந்நெறிகள் ஏற்கின்றன. இயக்க உதவிக்கு 2024 வரை பத்தாண்டு இடைக்காலம் தரப்பட்டது. பின்னர் அது 2027 வரை நீட்டிக்கப்பட்டது.

இந்தியாவில் 2016 இல் அறிவிக்கப்பட்ட உடான் திட்டம் தெரிவு செய்யப்பட்ட தடங்களுக்கு மூன்று ஆண்டுகள் மானியம் வழங்குகிறது. தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் 2023 ஆம் ஆண்டு அறிக்கையின்படி, முதல் மூன்று சுற்றுகளில் வழங்கப்பட்ட 774 தடங்களுள் 371 மட்டுமே தொடங்கின. அவற்றுள் 112 தடங்களே மூன்று ஆண்டுகளை நிறைவு செய்தன. மானியக் காலம் முடிந்த பின்னும் மார்ச் 2023 இல் நீடித்தவை 54. இத்திட்டத்தின் கீழ் மார்ச் 2018 இல் சென்னையுடன் இணைக்கப்பட்ட சேலம் வானூர்தி நிலையம் 2021 இல் சேவையை இழந்து, அக்டோபர் 2023 இல் வேறு நிறுவனங்களின் மூலம் மீண்டும் பெற்றது.

உதவி முறைகளின் ஒப்பீடு

மேற்கண்ட முறைகள் ஒவ்வொன்றும் வெவ்வேறு செலவைத் தாங்குகின்றன.

- இயக்க மானியம் நிலையத்தைத் திறந்து வைக்கிறது, வானூர்தியை வரவழைப்பதில்லை.
- மூலதன மானியம் ஓடுபாதையைக் காக்கிறது. அடுத்த மாதச் சம்பளத்துக்குப் பயன்படாது.
- வாடகைத் தள்ளுபடி வாடகை செலுத்துவோருக்கு மட்டும் உதவும்.
- தட மானியமும் சேவைக் கட்டாயமும் வானூர்தியைத் தக்கவைக்கும். ஆனால் அவை நீடிக்கும் காலம் வரை மட்டுமே.
- எண்ணிக்கை எல்லைகளைத் தற்காலிகமாகத் தளர்த்துவது குறைந்த செலவில் நீண்டகால இழப்பைத் தவிர்க்கிறது.

ஐக்கிய அமெரிக்காவின் மொத்தப் பயணிகள் எண்ணிக்கை 2023 இல் 2019 ஆம் ஆண்டு அளவைத் தாண்டியது. ஆயினும் இவ்வளர்ச்சி எல்லா நகரங்களுக்கும் ஒரே அளவில் திரும்பவில்லை. மூடாமல் காக்கப்பட்ட ஒரு நிலையத்துக்குப் புதிய நிறுவனம் வர வாய்ப்பு உண்டு என்பதற்கு நியூ ஹேவனும், நிலையம் மட்டும் காக்கப்பட்டால் போதாது என்பதற்கு வில்லியம்ஸ்போர்ட்டும் எடுத்துக்காட்டுகள் ஆகும்.